எண்பத்தைந்து ஆண்டு வானிலை, இலவசமாக: ஈரா-5 பற்றி ஒரு பயனரின் கருத்து

காலநிலை ஆராய்ச்சிக்கு வர என்ன செய்யணும் என்று பிஎஸ்சி, எம்எஸ்சி படிக்கிற பிள்ளைகள் கேட்டால், எந்தத் தேர்வு, எந்தக் கல்லூரி என்று சொல்வதற்கு முன்னால் நான் சொல்வது இதுதான்: ஈரா-5 (ERA5) என்கிற இலவச வானிலைத் தரவுத் தொகுப்புக்குள் போய் உங்கள் ஊரின் ஒரு ஐப்பசி, கார்த்திகையை இறக்கிப் பாருங்கள். பணம் வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம், ஒரு மின்னஞ்சல் முகவரியும் சுமாரான ஒரு லேப்டாப்பும் போதும். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிய பிறகும் ஆசை மிச்சமிருந்தால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும். 2018லிருந்து ஏறக்குறைய தினமும் இதைப் பயன்படுத்துகிறேன். முனைவர் பட்டம், அதற்குப் பிறகு வெளிநாட்டில் செய்த ஆய்வு, இப்போது பார்க்கிற வேலை, மூன்றிலும் இதன் கை இருக்கிறது. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை மதிப்பெண் எங்கே குறைந்தது என்பதைத்தான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடமெல்லாம் அந்த அரைக்குள்தான் இருக்கிறது.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1975ல் தொடங்கிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் ஒன்று இருக்கிறது, தலைமையகம் இங்கிலாந்தின் ரெடிங் நகரில், கணினிக் கூடம் இத்தாலியின் போலோன்யாவில். அவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் காலநிலைச் சேவைக்காகத் தயாரித்துத் தருவதுதான் ஈரா-5. 1940 ஜனவரியிலிருந்து ஐந்து நாள் முன்பு வரைக்கும், உலகம் முழுவதற்கும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெப்பநிலை, காற்று, ஈரப்பதம், அழுத்தம், மழை, மண்ணின் ஈரம் என்று நூற்றுக்கணக்கான அளவுகள். தரையில் தொடங்கி சுமார் 80 கிலோமீட்டர் உயரம் வரை 137 அடுக்குகள். கிடைமட்டமாக ஒரு கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர். இந்த 31ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் பேச்சில் இதை ரீஅனாலிசிஸ் என்போம், தமிழில் மறுபகுப்பாய்வு. புள்ளிக் கோலம் போடுவதை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். வானத்தில் நாம் அளந்தது எல்லாம் புள்ளிகள். மீனம்பாக்கத்திலிருந்து காலை 5:30க்கும் மாலை 5:30க்கும் மேலே போகிற பலூன், கப்பல் சொன்ன அழுத்தம், விமானம் அளந்த காற்று, செயற்கைக்கோள் பார்த்த கதிர்வீச்சு. புள்ளிகளுக்கு நடுவே கடலும் காடும் அளக்காத வெற்றிடமாகக் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் கோடு இழுப்பது இயற்பியல் சமன்பாடுகளால் ஆன ஒரு கணினி மாதிரி (மாடல்). பன்னிரண்டு மணி நேரத்துப் புள்ளிகளை மொத்தமாக எடுத்து, அவற்றோடு எவ்வளவுக்கு ஒத்துப்போக முடியுமோ அவ்வளவுக்கு ஒத்துப்போகிறபடி மாதிரியின் ஓட்டத்தைத் திருத்துவார்கள், அப்புறம் அடுத்த பன்னிரண்டு மணி நேரம். இப்படியே எண்பத்தைந்து ஆண்டு. 1979ல் ஒரு நாளைக்குச் சராசரியாக ஏழரை லட்சம் அளவீடுகள் உள்ளே போயின, 2019 தொடக்கத்தில் அது சுமார் 2 கோடியே 40 லட்சம். புள்ளி நெருங்க நெருங்கக் கோலம் திருத்தமாகும், அவ்வளவுதான் விஷயம்.

இதில் முக்கியமானது, கோடு இழுக்கிற கை மாறாமல் இருப்பது. அன்றாட முன்கணிப்புக்கு ஓட்டுகிற மாதிரியை ஒவ்வோர் ஆண்டும் மேம்படுத்திக்கொண்டே இருப்பார்கள், அதனால் பழைய வரைபடங்களை அப்படியே அடுக்கி வைத்துப் பார்த்தால் வானிலை மாறியதா, மாதிரி மாறியதா என்று பிரிக்க முடியாது. 1988ல் லெனார்ட் பெங்ட்சனும் ஜகதீஷ் சுக்லாவும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள்: ஒரே மாதிரியை வைத்துக் கடந்த காலம் முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள் என்று. சுக்லா உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், புனேயில் வேலை பார்த்து அங்கிருந்து எம்ஐடி போனவர். அர்ஜென்டினாவில் பிறந்த யூஜீனியா கல்னாயின் தலைமையில் அமெரிக்காவில் வந்த மறுபகுப்பாய்வுக்கான 1996 கட்டுரை, புவி அறிவியலிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று. பிறகு ஐரோப்பாவின் ஈரா-15, ஈரா-40, ஈரா-இன்டரிம். நான் எம்எஸ்சி முடித்துப் புராஜெக்ட் உதவியாளராகச் சேர்ந்தபோது கையில் கிடைத்தது ஈரா-இன்டரிம்தான். கட்டம் 79 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதிலிருந்து ஈரா-5க்கு மாறிய நாள், கண்ணாடி மாற்றிப் போட்டதைப் போல இருந்தது. கடற்காற்று மதியம் உள்ளே நுழைவதும் இரவில் திரும்புவதும் மணிக்கு மணி தெரிந்தன.

இலவசம் என்பதை ஏன் தலைப்பிலேயே போட்டேன் என்றால் அதன் விலை எனக்குத் தெரியும். நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். எம்எஸ்சி ஆய்வுக்கட்டுரைக்காக ஒரே ஒரு நிலையத்தின் முப்பது ஆண்டு மழை வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தேன், துறைத்தலைவரின் கடிதம், கல்லூரி முதல்வரின் கடிதம், எதற்குப் பயன்படுத்துவேன் என்ற உறுதிமொழி, அப்புறம் ஒரு கட்டணம். எல்லாம் கொடுத்தும் தரவு வந்தது கட்டுரையைச் சமர்ப்பித்து இரண்டு வாரம் கழித்து. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. என்னோடு படித்த, என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிற ஒரு தோழி, இதே சிக்கலில் தலைப்பை மாற்றிக்கொண்டு வேறு துறைக்கே போய்விட்டாள். பெரிய நிறுவனத்தில் படித்தவர்களுக்குத் தரவு ஏற்கெனவே சர்வரில் இருக்கும், கேட்க வேண்டியதே இல்லை. ஈரா-5 வந்த பிறகு ரெடிங்கில் உட்கார்ந்திருக்கிற ஆராய்ச்சியாளர் எந்த ஃபைலைத் திறக்கிறாரோ அதே ஃபைலைத்தான் அறந்தாங்கியில் ஒரு மாணவியும் திறக்கிறாள். நான் கொடுக்கும் நாலரையில் இரண்டு மதிப்பெண் இதற்கே போய்விடும்.

சரி, பயன்படுத்துவது எப்படி? கோப்பர்நிக்கஸின் காலநிலைத் தரவுக் களஞ்சியம் என்கிற தளத்தில் கணக்குத் தொடங்கணும். ஒவ்வொரு தொகுப்புக்கும் உரிம நிபந்தனை இருக்கும், அதை ஒருமுறை ஏற்கணும், இதை மறந்துவிட்டு ஏன் வரவில்லை என்று முழிப்பவர்கள் நிறைய. படிவத்தில் டிக் போட்டு இறக்கலாம், ஆனால் இரண்டாம் நாளே பைத்தானில் அதற்கென்று இருக்கும் சின்ன நிரலுக்கு மாறிவிடுங்கள். கணக்கில் தரும் சாவியை ஒரு ஃபைலில் போட்டு வைத்தால் போதும், பிறகு பத்து வரி கோட் எல்லாவற்றையும் செய்யும். 2024ல் தளத்தையே புதுப்பித்தார்கள், அதனால் பழைய வீடியோக்களில் காட்டும் சாவி முறை இப்போது ஓடாது.

உலகம் முழுவதையும் கேட்காதீர்கள். தமிழ்நாட்டுக்கு வடக்கு 14, மேற்கு 76, தெற்கு 8, கிழக்கு 81 என்று எல்லை கொடுத்தால் ஃபைல் சிறுத்துவிடும். எல்லையைக் கொடுக்கும் வரிசை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு. மாற்றிக் கொடுத்தால் வேறெங்கேயோ ஒரு துண்டு வரும் அல்லது ஒன்றுமே வராது. உலகமே ஒரே வாசலில் நிற்கிற சேவை இது, பெரிய கோரிக்கை வரிசையில் காத்திருக்கும், ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்துக் கேட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் இருக்கும். 137 அடுக்குகளும் வேண்டும் என்றால் அது காந்த நாடாவிலிருந்து எடுத்து வரவேண்டிய சரக்கு, பொறுமை வேண்டும். பெரும்பாலான வேலைக்குக் காற்றழுத்தத்தை வைத்துப் பிரித்த 37 மட்டங்களே தாராளம்.

இனி அந்த அரை மதிப்பெண்ணுக்கு வருகிறேன். அலகுகளில் தொடங்குகிறது. வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15 கழிக்கணும், அது பள்ளிக்கூடக் கணக்கு. மழை மீட்டரில் இருக்கும்! 0.012 என்று பார்த்துவிட்டு மழையே இல்லை என்று ஒரு மாணவர் என்னிடம் வந்தார், அது 12 மில்லிமீட்டர், ஒரு மணி நேரத்தில் நல்ல மழை. உயரத்தைக் கேட்டால் ஜியோபொடென்ஷியல் என்று ஒரு பெரிய எண் வரும், 9.80665ஆல் வகுத்தால்தான் மீட்டர். இதெல்லாம் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, ஆவணம் நன்றாகவே இருக்கிறது, படிக்கணும்.

ஆனால் நேரம் இருக்கிறதே, அது வேறு. இதில் நானே மாட்டினேன், அதை முழுதாகச் சொல்கிறேன்.

என் மாமா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அலுவலக வளாகத்தில் ஒரு மழைமானி உண்டு, முள்கம்பி வேலிக்குள். தினமும் காலை 8:30க்கு அதன் புனலை எடுத்து, உள்ளே இருக்கிற தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்கு வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதுவார். மழை இல்லாத நாளிலும் எழுதுவார். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் கண்ணாடியைப் பிடிக்க எனக்குக் கொடுப்பார். இந்தியா முழுக்க மழை நாள் என்பது அந்த 8:30லிருந்து மறுநாள் 8:30 வரைதான், செய்தியில் இன்றைய மழை என்று சொல்வது நேற்றுக் காலை தொடங்கியது. இது எனக்குக் கையாலேயே தெரியும். இருந்தும் பிஎச்டி இரண்டாம் ஆண்டில், ஈரா-5 மழையை நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்குக் கூட்டி, நிலையத்தின் மழையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை என்று ஓர் அத்தியாயம் எழுதிவிட்டேன். அதுவும் நள்ளிரவு என்பது கிரீன்விச் நள்ளிரவு, நமக்குக் காலை 5:30. வடகிழக்குப் பருவமழையில் கடற்கரையோரம் பெரிய மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் கொட்டுவது வழக்கம், அதனால் இந்த மூன்று மணி நேரப் பிசகே ஒரு பெருமழையை ஒரு நாள் தள்ளி வைத்துவிடும்.

காலை 8:30 என்பது கிரீன்விச்சில் 3 மணி. ஈரா-5ல் 4 மணி முத்திரையிட்ட மழை என்றால் 3லிருந்து 4 வரை பெய்தது. ஆகவே ஒரு நாள் மழைக்கு, 4 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரை இருபத்து நான்கு எண்களைக் கூட்டணும், அந்தக் கூட்டலை எழுத வேண்டியது மறுநாள் தேதியில். இந்த ஒரு வரியைத் திருத்தியதும் படம் முழுதாக மாறியது. மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தேன். இப்போது என்னிடம் யார் மழை ஒப்பீட்டைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, எத்தனை மணிக்கு நாளை வெட்டினாய் என்பதுதான்.

அடுத்தது அந்த 31 கிலோமீட்டர். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று, மலையிறங்கிக் கிழக்கே வந்தால் உடுமலைப்பேட்டை மழைமறைவில் காய்கிறது. பேருந்தில் போனால் வளைவுகளால் நேரமாகும், நேர்கோட்டில் பக்கம்தான். ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எல்லா மலையையும் பள்ளத்தையும் சராசரியாக்கி ஒரே உயரமாகத்தான் மாதிரி பார்க்கிறது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா அதற்கு அவ்வளவு உயரம் இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் அகலமே ஏறக்குறைய ஒரு கட்டம்தான், அந்த வழியாகக் கோவைக்குள் ஆனி ஆடியில் அடிக்கிற காற்றை அது எப்படி உள்ளபடி காட்டும்? மலைப்பகுதி மழையை ஆராய நினைப்பவர்கள் இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. 9 கிலோமீட்டர் கட்டத்தோடு ஈரா-5 லேண்ட் என்று ஒன்று 1950லிருந்து கிடைக்கிறது, மண் ஈரத்துக்கும் தரை வெப்பத்துக்கும் அருமை, ஆனால் அதன் மழை பெரிய கட்டத்து மழையை நெருக்கமான கட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. புதிதாக எதுவும் அளக்கப்படவில்லை. இதைத் தெரியாமல் 9 கிலோமீட்டர் மழை என்று எழுதுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

இன்னும் அடிப்படையாக ஒன்று. ஈரா-5ன் மழை அளக்கப்பட்ட மழையே கிடையாது. மாமா நோட்டில் எழுதிய எண் இதற்குள் போகவில்லை. காற்றும் ஈரப்பதமும் வெப்பமும் அளவீடுகளால் திருத்தப்படுகின்றன, மழை என்பது அவற்றிலிருந்து மாதிரி கணித்துத் தருவது. 2015 டிசம்பர் 1 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது நான் புராஜெக்டில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மறுநாள் காலை 8:30 வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு ஓரத்தில் எத்தனை வீடுகள், எத்தனை உயிர்கள். பிறகு ஈரா-5ல் அந்த நாளைத் திறந்தபோது, வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று சென்னையை நோக்கிக் குவிவது துல்லியமாக இருந்தது, ஏன் அங்கே, ஏன் அன்று என்பதற்குப் பதில் சொல்ல அதைவிட நல்ல தரவு இல்லை. மழையின் அளவோ தாம்பரத்து எண்ணுக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. முப்பது கிலோமீட்டர் சதுரத்தின் சராசரிக்குள் ஒரு மேகக் கூட்டத்தின் உச்சம் கரைந்துவிடும். காரணம் கேட்க ஈரா-5, எவ்வளவு என்று கேட்க மழைமானி. வடிகால் எவ்வளவு பெரிதாகக் கட்டணும் என்று முடிவு செய்யும் ஓர் அறிக்கைக்கு யாராவது இந்த மழையை அப்படியே எடுத்துப் போட்டால், அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

1940லிருந்து இருக்கிறது என்பதையும் கவனத்தோடு எடுத்துக்கொள்ளணும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைத்தான் நான் ஆசையாக முதலில் தேடிப் பார்த்தேன், எங்கள் பக்கத்தில் அந்த ரயிலைப் பற்றிச் சொல்லாத பாட்டிகள் இல்லை. புயல் இருக்கிறது, இலங்கையைத் தாண்டிப் பாக் நீரிணைக்குள் வருகிறது, பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது. ஆனால் புயலின் கண் மாதிரி சின்ன விஷயம் இந்தக் கட்டத்தில் தெரியாது, அந்தக் காலத்தில் கடலுக்கு மேல் அளவீடுகளும் சொற்பம். செயற்கைக்கோள் தரவு பெருகிய 1979க்குப் பிறகு உள்ள நம்பிக்கையை 1950களுக்குக் கொடுக்க முடியாது. 1950லிருந்து 1978 வரைக்குமான பகுதியை முதலில் சோதனையாக வெளியிட்டபோது சில வெப்பமண்டலப் புயல்கள் அளவுக்கு மீறி வலுவாக வந்தன, பிறகு திருத்தி வெளியிட்டார்கள். அதேபோல 2000லிருந்து 2006 வரை மேல் வளிமண்டலத்தில் ஒரு குளிர்ச்சிப் பிழை, அதற்குத் தனியாக ஈரா-5.1. தப்பை மறைக்காமல் வெளியே சொல்லித் திருத்துகிறார்கள், இதற்காகவே அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. எண்பது ஆண்டில் மழை கூடியதா என்று கோடு போடுபவர்கள் அந்தக் கோட்டில் வானம் எவ்வளவு, கூடிக்கொண்டே போன அளவீடுகள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கணும். அதே கணக்கைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு பத்து முறை ஓட்டிய பத்துப் பிரதி ஓட்டம் என்று ஒன்று 63 கிலோமீட்டரில் கூடவே தருகிறார்கள், பிரதிக்குப் பிரதி எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தால் எங்கே ஐயம் அதிகம் என்று தெரியும். பெரும்பாலோர் அதை இறக்குவதே இல்லை.

மாற்று இல்லையா என்றால் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் 0.25 டிகிரி தினசரி மழைக் கட்டத் தரவு 1901லிருந்து கிடைக்கிறது, அதுவும் இப்போது இலவசம். கிட்டத்தட்ட ஏழாயிரம் மழைமானிகளிலிருந்து செய்தது, நம் மழைக்கு முதலில் போக வேண்டிய இடம் அதுதான். மலையில் மானி குறைவு, அங்கே அதற்கும் அதே தவிப்பு. நொய்டாவின் தேசிய நடுத்தர கால முன்கணிப்பு மையம் பிரிட்டன் வானிலை அலுவலகத்தோடு சேர்ந்து செய்த இம்டா மறுபகுப்பாய்வு 12 கிலோமீட்டர் கட்டம், 1979லிருந்து, பருவமழையை ஆராய்பவர்கள் கட்டாயம் பார்க்கணும். நான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வேலை செய்கிறேன். மூன்றும் ஒரே குரலில் பேசும் இடத்தில் துணிந்து எழுதுவேன், பிரியும் இடத்தில் நிற்பேன், அந்த இடத்தில்தான் அடுத்த ஆய்வுக்கட்டுரையும் கிடைக்கும்.

இந்த வேலைக்கு வர ஈரா-5 மட்டும் போதுமா என்று கேட்டால் போதாது. இயற்பியலோ கணிதமோ இளங்கலையில் வேண்டும், பாய்ம இயக்கவியல் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. வானிலையியலுக்கென்றே படிக்கக் கொச்சிப் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகம் இரண்டும் பழைய இடங்கள். பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் டெல்லி ஐஐடியிலும் வளிமண்டல மையங்கள், புனேயில் 1962ல் தொடங்கிய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், ஹைதராபாத்தில் கடல் தகவல் மையம். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புவி அறிவியல் தாளிலும் கேட் (GATE) தேர்வில் எக்ஸ்இ (XE) தாளிலும் வளிமண்டலப் பகுதி உண்டு. முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை நான் சேர்ந்தபோது மாதம் 25,000, 2023லிருந்து 37,000, சேர்ந்து இரண்டு ஆண்டு ஆனதும் 42,000. வீட்டுக்கு அனுப்பணும் என்றால் இறுக்கம்தான், ஐந்து ஆறு ஆண்டு அப்படியே ஓடும், பணம் தாமதமாக வருகிற மாதங்களும் உண்டு. அதற்குப் பிறகு ஒப்பந்த வேலை, வெளிநாட்டில் இரண்டு மூன்று ஆண்டு, அப்புறம்தான் நிலையான வேலைக்கு விண்ணப்பம். என் வகுப்புத் தோழர்கள் வீடு கட்டிக் குடிபோன வயதில் நான் கடலூர் மாவட்டத்தின் மழைப் போக்கைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். வருத்தம் இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு வரணும்.

நேர்காணல்களில் என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தால், ஈரா-5ஐ இறக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் படத்தில் உனக்கு நம்பிக்கை இல்லாத இடம் எது என்று கேட்டார்கள். வெளிநாட்டில் ஆய்வுக்குச் சேர்ந்தபோது என்னை எடுத்ததற்குக் காரணம் அந்த 8:30 அத்தியாயம்தான் என்று பின்னால் என் வழிகாட்டி சொன்னார், தப்பைக் கண்டுபிடித்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எழுதி வைத்திருந்தேன். இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, இயற்பியல் படிக்க லண்டன் போனவர், அங்கே வானிலைக் கருவிகள் பக்கம் திரும்பி, 1948ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி இங்கேயே செய்ய வைத்தார். தப்பான அளவைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்ற பிடிவாதம் அவருக்கு. எத்தனை பெட்டாபைட் தரவு வந்தாலும் அதன் அடியில் இருப்பது யாரோ ஒருவர் சரியாகப் பொருத்திய கருவிதான்.

கடந்த சில ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. கிராஃப்காஸ்ட், பாங்கு வெதர் என்று வானிலையைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்தன அல்லவா, அவை பாடம் படித்தது ஈரா-5ல்தான். 2024 முழு ஆண்டுச் சராசரி தொழில் யுகத்துக்கு முந்தைய அளவைவிட 1.6 டிகிரி அதிகம், 1.5ஐத் தாண்டிய முதல் ஆண்டு என்று கோப்பர்நிக்கஸ் அறிவித்ததும் இதை வைத்துத்தான். உலகம் இவ்வளவு சாய்ந்து நிற்கிற ஒரு தரவு, அதைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு எழுதினேன். ஈரா-6 தயாராகிக்கொண்டிருக்கிறது, கட்டம் இன்னும் சிறிதாகும், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்போது கொஞ்சம் நியாயம் கிடைக்கும்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு மழை வருமா என்று பார்க்க இது உதவாது, ஐந்து நாள் பழையது. ஒரே ஒரு வயலுக்கு எவ்வளவு பெய்தது என்று காப்பீட்டுக்குக் கேட்பவர்களுக்கும் உதவாது. இறக்கும்போது வரைபடமாக வராது, எண்களாகத்தான் வரும், கோட் எழுதத் தயாராக இருக்கணும். காற்று, வெப்பம், ஈரப்பதம், பருவமழையின் போக்கு என்று எதைத் தொட விரும்பினாலும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

மாமா ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. போன பொங்கலுக்குப் போனபோது, தன் கையெழுத்துப் படியாக வீட்டில் வைத்திருந்த மழை நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார், பதினொரு நோட்டு, சிலது கரையான் அரித்தது. ஒவ்வொரு நாளும் ஒரு வரி, மழை இல்லாத நாளுக்கு ஒரு சின்ன கோடு. ராத்திரியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவற்றைத் தட்டச்சு செய்கிறேன், அதே நாளின் ஈரா-5 எண்ணைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டுக்கொண்டே வருகிறேன். இப்போது 1988 வரைக்கும் வந்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது, ஐப்பசி மாதம்தான், என்ன எண் என்று மாமாவுக்கே படிக்க முடியவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.